செயின் பறிப்பை எண்ணுவது எப்படி? மதுரையில் குற்றவியல் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கென்று எடுத்துவரும் தலைப்புகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் "மதுரை மாவட்டத்தில் இன்ன குற்றத்தின் காரணங்களும் தீர்வுகளும்" என்ற ஒரே அச்சில்தான் இருக்கும். காரணம் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது, எதை எப்படி எண்ணப் போகிறார்கள் என்பதுதான் இருக்காது. அப்புறம் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயார் செய்து வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டு, கூடப் படிக்கிறவர்களும் அவர்களுடைய அக்கா தங்கைகளும் நிரப்பிய நூறு பதில்களை வைத்து வட்டப்படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். வைவாவில் "இந்த நூறு பேர் யாருப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி விழுந்தால் மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

அதனால் காரணம், தீர்வு எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அளவிடும் வேலையை அடியிலிருந்து பேசப் போகிறேன். ஒரே உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: செயின் பறிப்பு. எல்லோருக்கும் தெரிந்த குற்றம், சட்டப் பிரிவு சமீபத்தில் மாறிய குற்றம், ஸ்டேஷன் வரைக்கும் வராமலே போகிற குற்றமும்கூட. உங்கள் தலைப்பு குடும்ப வன்முறையோ சைபர் மோசடியோ எதுவானாலும் படிகள் பெரிதாக மாறாது.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்

"மதுரையில் செயின் பறிப்பு" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. "2022 முதல் 2024 வரை மதுரை மாநகரக் காவல் எல்லையில் பதிவான செயின் பறிப்பு வழக்குகள் எந்த நேரத்தில், எந்த மாதிரி இடங்களில் நடந்தன?" என்பது கேள்வி. "செல்லூர் பகுதியில் கடந்த 12 மாதத்தில் செயினைப் பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் போலீசுக்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆவணம் போதும், இரண்டாவதற்கு வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே செமஸ்டரில் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள், ஒன்றைக்கூட உருப்படியாக முடிக்க முடியாது.

"மாநகரக் காவல் எல்லை" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மதுரை மாநகரத்துக்குக் காவல் ஆணையர், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற பகுதிகளுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். இரண்டும் தனித்தனிக் கணக்கு. வெறுமனே "மதுரை" என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று படிக்கிறவருக்குத் தெரியாது, பல சமயம் எழுதினவருக்கே தெரியாது.

இரண்டாம் படி: எதை ஒன்று என்று எண்ணுவது?

இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், வீண் போகாது. பைக்கில் வந்த இருவர் நடந்துபோன பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு போனால் சந்தேகமே இல்லை. இழுத்தார்கள், செயின் கையோடு வரவில்லை, ஆனால் அந்த அம்மா கீழே விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது என்றால்? பெரியார் பஸ் நிலையத்தில் கூட்ட நெரிசலில் ஏறும்போது யாரோ அறுத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது என்றால்? நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடினால்? பறித்தது கவரிங் என்றால்? ஒரே ஸ்கூட்டரில் போன தாயும் மகளும் ஆளுக்கொரு செயினைப் பறிகொடுத்தால் அது ஒரு சம்பவமா, இரண்டா? ஒரே ஜோடி ஒரு மணி நேரத்தில் நாலு தெருவில் கைவரிசை காட்டினால்?

இதற்கெல்லாம் சரியான விடை என்று ஒன்று இல்லை. ஆனால் உங்கள் விடை ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் தகவலைப் பார்ப்பதற்கு முன்னால். எண்ணுகிற அலகு சம்பவமா, பாதிக்கப்பட்டவரா, வழக்கா, குற்றம் சாட்டப்பட்டவரா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒரு வழக்கில் மூன்று பேர் கைதாகலாம், ஒரே ஆள் ஏழு வழக்கில் இருக்கலாம். கைதானவர்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "குற்றம் கூடிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இந்த விதிகளையெல்லாம் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டால், அதுதான் உங்கள் செயல்பாட்டு வரையறை. பாடப்புத்தகத்தில் இருந்து நாலு அறிஞர்களின் வரையறையைப் பெயர்த்துப் போடுவதைவிட இது பல மடங்கு மேல்.

சட்டப் பக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 2024 ஜூலை 1 வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் "பறிப்பு" என்று தனிக் குற்றமே கிடையாது. அதே சம்பவம் ஒரு ஸ்டேஷனில் 379 திருட்டாகவும், இன்னொன்றில் 356 (திருடுவதற்காகத் தாக்குதல்) சேர்ந்த வழக்காகவும், காயமோ மிரட்டலோ இருந்தால் 392 வழிப்பறியாகவும் ஏறியிருக்கும். அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு 304 என்று பறிப்புக்கே தனிப் பிரிவு வந்துவிட்டது, வழிப்பறி 309க்குப் போய்விட்டது. ஆக 2023ஐயும் 2025ஐயும் பிரிவு எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால், ரோட்டில் ஒன்றுமே மாறாதபோதும் காகிதத்தில் பறிப்பு "திடீரென முளைத்தது" போலத் தெரியும். இன்னொரு சிக்கல்: சம்பவம் ஜூலை 1க்கு முன்னால் நடந்து, வழக்கு பிறகு பதிவானால் பழைய சட்டப் பிரிவுதான் வரும். அதனால் பிரிவை நம்பாமல், எஃப்.ஐ.ஆரின் கதைப்பகுதியைப் படித்து உங்கள் விதிப்படி நீங்களே வகைப்படுத்துவதுதான் வழி.

மூன்றாம் படி: போலீஸ் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு குற்றம் நடந்ததும் அது தானாகப் போய் புள்ளிவிவரத்தில் உட்கார்ந்துகொள்வதில்லை. பாதிக்கப்பட்டவர் அதைக் குற்றம் என்று நினைக்க வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அங்கே மனுவை வாங்க வேண்டும், வாங்கியது எஃப்.ஐ.ஆர் ஆக வேண்டும், சரியான பிரிவில் ஆக வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிரும்.

தமிழ்நாட்டில் ஆய்வு செய்கிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது சி.எஸ்.ஆர். மனு வாங்கியதற்கு ரசீது கொடுப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர் இல்லை. பாதிக்கப்பட்டவரைக் கேட்டால் "கேஸ் கொடுத்தாச்சு தம்பி, ரசீது கூட இருக்கு" என்பார், வாங்கிப் பார்த்தால் சி.எஸ்.ஆர் எண் இருக்கும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது, சில வகை வழக்குகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு. தீர்ப்பு அப்படி, நடைமுறை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வுப்பொருள். எனவே "போலீசுக்குப் போனீர்களா?" என்ற ஒரே கேள்வி போதாது. போனீர்களா, எழுதிக் கொடுத்தீர்களா, என்ன காகிதம் கொடுத்தார்கள், அந்தக் காகிதத்தைப் பார்க்கலாமா என்று நாலு கேள்வியாக உடைத்துக் கேளுங்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை எடுத்தால் அங்கே வேறு விதிகள். முக்கியமானது முதன்மைக் குற்ற விதி: ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், அதிகபட்ச தண்டனை உள்ள ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். செயினைப் பறிக்கும்போது அந்தப் பெண் இறந்து, அது கொலை வழக்கானால், அட்டவணையில் கொலை ஒன்று கூடும், பறிப்பு காணாமல் போகும். இது ஒளிவுமறைவு இல்லை, அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அந்த முன்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நகரங்களுக்கான அட்டவணைகளிலும் கவனம் தேவை. முன்பு 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 53 நகரங்களின் பட்டியலில் மதுரை இருந்தது. பிறகு 20 லட்சத்துக்கு மேல் என்று எல்லையை உயர்த்தி 19 நகரங்களாகச் சுருக்கியபோது தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்தான் மிஞ்சின. பழைய அட்டவணையின் தொடர்ச்சியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் மாவட்டவாரி அட்டவணைக்குப் போங்கள்.

ஸ்டேஷன் குற்ற எண்ணை (எஃப்.ஐ.ஆருக்குக் கொடுக்கும் வரிசை எண்) அப்படியே குற்றங்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது இன்னொரு பொறி. ஆண்டுக் கடைசியில் குற்ற எண் 600ஐத் தொட்டால் அந்த ஸ்டேஷனில் 600 குற்றம் என்று பொருளல்ல. சந்தேக மரணத்துக்குப் போடும் எஃப்.ஐ.ஆரும் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 174, இப்போதைய புதிய நடைமுறைச் சட்டத்தில் 194) அதே வரிசையில்தான் எண் வாங்கும், விபத்து வழக்கும் மதுவிலக்கு வழக்கும் அதே வரிசைதான். மதுவிலக்கு, சூதாட்டம், கஞ்சா மாதிரியான வழக்குகளில் எண்ணிக்கை கூடினால், குற்றம் கூடியது என்பதைவிட ரெய்டு கூடியது என்று படிப்பதே பெரும்பாலும் சரி. பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் 2020ஐ எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் தண்டனைச் சட்ட வழக்குகள் பல மடங்காகப் பாய்ந்திருக்கும். ஊரடங்கை மீறியதற்காக 188ஆம் பிரிவில் குவிந்த வழக்குகள்தான் காரணம். ஐந்தாண்டுப் போக்கு என்று கோடு வரைகிறவர் அதைத் தனியாகப் பிரிக்காவிட்டால், அந்தக் கோடு மலை மாதிரி நிற்கும், கீழே ஒரு விளக்கமும் இருக்காது.

நான்காம் படி: ஆவணங்களை வாங்குவது

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர்களைப் பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் பாலியல் குற்றங்கள், போக்சோ போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. எனவே அங்கே இல்லாதவை தற்செயலாக இல்லாமல் போனவை அல்ல, ஒரு குறிப்பிட்ட வகையே மொத்தமாக வெளியே நிற்கிறது. செயின் பறிப்புக்கு இது பெரிய தடை இல்லை. பெண்களுக்கு எதிரான குற்றம் என்று தலைப்பு வைத்திருந்தால் இந்த வழி அடைபட்டது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

மொத்த எண்ணிக்கைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகரக் காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "செயின் பறிப்பு ஏன் அதிகரித்துள்ளது?" என்று கேட்டால் "அப்படி ஒரு தகவல் அலுவலகத்தில் இல்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. கையில் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தர முடியும். இப்படிக் கேளுங்கள்: "01.01.2022 முதல் 31.12.2024 வரை, காவல் நிலையவாரியாகவும் மாதவாரியாகவும், கீழ்க்கண்ட பிரிவுகளில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை, அவற்றில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டவை, கண்டுபிடிக்க முடியாதவை என முடிக்கப்பட்டவை." பெயர், முகவரி, புலன்விசாரணை விவரம் எதையும் கேட்காதீர்கள். தேவையும் இல்லை, மறுப்பதற்கு ஒரு சாக்கும் ஆகிவிடும். விண்ணப்பத்தை செமஸ்டர் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும்.

ஐந்தாம் படி: படிப்பது இரண்டு பேராக இருக்கட்டும்

எஃப்.ஐ.ஆர்களை நீங்கள் ஒருவரே படித்து வகைப்படுத்தினால், திங்கட்கிழமை காலையில் ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மாதிரியும் வகைப்படுத்துவீர்கள். அதனால் நூறு எஃப்.ஐ.ஆரை எடுத்து, அந்த ஒரு பக்க விதித்தாளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவரைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். 85இல் இருவரும் ஒத்துப்போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணாகத்தான் தெரியும். ஆனால் இருவருமே நூற்றில் 75ஐப் பறிப்பு என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் தற்செயலாகவே 62.5 ஒத்துப்போயிருக்கும் (0.75 × 0.75, கூட 0.25 × 0.25). கோஹனின் கப்பா இந்தத் தற்செயலைக் கழித்துவிடும்: 0.85இல் 0.625ஐக் கழித்து 0.375ஆல் வகுத்தால் 0.6. பரவாயில்லை ரகம். எந்தப் பதினைந்தில் முரண்பட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசி, விதியைத் திருத்தி, வேறு ஐம்பதை எடுத்து மறுபடி பாருங்கள்.

இது நம்பகத்தன்மை. ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது, வேறு. இருவரும் சேர்ந்து தப்பான ஒன்றையே அச்சுப் பிசகாமல் அளந்துகொண்டிருக்கலாம், கப்பா 0.95 வந்தாலும் அதை அது காட்டிக்கொடுக்காது.

ஆறாம் படி: வீடு வீடாகப் போவதென்றால் மாதிரி எத்தனை, எப்படி?

போலீஸ் கணக்கில் வராததை அறிய ஒரே வழி மக்களையே கேட்பதுதான். அமெரிக்கா 1970களின் தொடக்கத்திலிருந்தும், பிரிட்டன் 1982 முதலும் இப்படிப் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றன. நம் நாட்டில் அப்படித் தொடர்ந்து நடக்கும் தேசியக் கணக்கெடுப்பு கிடையாது. குடும்ப வன்முறைக்கு மட்டும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கைகொடுக்கும். 2019-21இல் நடந்த அதன் ஐந்தாவது சுற்றில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுக்கச் சுமார் 14 சதவீதம்தான். மிச்சம் இருப்பவர்கள் எந்தப் போலீஸ் அட்டவணையிலும் வர வழியே இல்லை.

மாதிரி அளவுக்கு எல்லோரும் 384 அல்லது 385 என்று எழுதுவார்கள், ஏன் என்று கேட்டால் சூத்திரம் என்பார்கள். 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும், அவ்வளவுதான். அது தனித்தனி ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் பொருந்துகிற எண். நீங்கள் தெருத்தெருவாகப் போய் ஒரு தெருவுக்கு 20 வீடு என்று எடுத்தால், ஒரே தெருக்காரர்கள் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்தாலே 1 + 19 × 0.05, அதாவது 1.95 மடங்கு வேண்டும். 385, 751 ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், செயின் பறிப்பு அரிதான சம்பவம். நூறு வீட்டில் இரண்டு என்று வைத்துக்கொண்டாலும் 385 வீட்டில் ஏழெட்டுப் பேர்தான் கிடைப்பார்கள். அந்த எட்டுப் பேரை வைத்துக்கொண்டு "படித்தவர்கள் அதிகம் புகார் கொடுக்கிறார்கள்" என்று எழுத முடியாது. ஒன்று, வீட்டுச் சொத்துக் குற்றங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தலைப்பை அகலப்படுத்துங்கள். இல்லை, எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பறிகொடுத்த பதினைந்து இருபது பேரிடம் ஆழமான நேர்காணலுக்குப் போங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆள் பலமும் காசும் இல்லாமல் 751 வீடு ஏறப் போவதாக எழுதிவிட்டு, பாதியை வீட்டில் உட்கார்ந்து நிரப்புகிற கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

சர்வேதான் என்று முடிவெடுத்தால், வாக்காளர் பட்டியலின் பாகங்களைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் சீரான இடைவெளியில் வீடுகளை எடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வெளி மாநிலத் தொழிலாளர்கள், ஹாஸ்டல் பெண்கள் அந்தப் பட்டியலில் குறைவாக இருப்பார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு என்றால் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கும் வீடு, காலையிலும் சாயங்காலமும் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறவர்களே அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போங்கள்.

ஏழாம் படி: கேள்வி கேட்கும் விதம்

செல்லூரில் ஒரு வீட்டுத் திண்ணை. "அம்மா, கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் ஏதாவது குற்றத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று படித்தபடியே கேட்டால் வருகிற பதில் இப்படித்தான் இருக்கும்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நம்ம உண்டு நம்ம வேலை உண்டுன்னு இருக்கோம்." இல்லை என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அதையே இப்படிக் கேளுங்கள்: "போன சித்திரைத் திருவிழாவுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும், நீங்க நடந்தோ வண்டியிலயோ போகும்போது யாராவது உங்க கழுத்துல, காதுல, கையில இருந்து எதையாவது பிடுங்குனாங்களா, இல்ல பிடுங்கப் பார்த்தாங்களாம்மா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிடுங்குனான்யா ஒருத்தன், ரேஷன் கடைக்குப் போயிட்டு வாரப்ப. கவரிங்தான, அதை எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு" என்பார்.

அதே அம்மா, அதே சம்பவம். முதல் கேள்வியில் பூஜ்யம், இரண்டாவதில் ஒன்று. "குற்றம்" என்று கேட்டால் கோர்ட்டும் போலீசும்தான் மனதில் வரும், நடந்த செயலைச் சொல்லிக் கேட்டால்தான் நினைவு வரும். முயற்சி, கவரிங் இரண்டுக்கும் இடம் வைத்தது இரண்டாம் படியில் எழுதிய விதியின் பலன்.

சித்திரைத் திருவிழாவை இழுத்ததற்கும் காரணம் உண்டு. "கடந்த 12 மாதம்" என்றால் ஒன்றரை வருடத்துக்கு முன் நடந்ததையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார்கள், பெரிய சம்பவம் என்றால் இன்னும் கிட்டத்தில் நடந்த மாதிரித் தோன்றும். அழகர் ஆற்றில் இறங்கிய நாள் மதுரையில் யாருக்கும் மறக்காது, எனவே அதைக் கோடாகப் போட்டு, ஆடி, தீபாவளி, பொங்கல் என்று நடுவில் அடையாளம் வைத்துக்கொண்டு கேளுங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் என்றால் அந்தந்த ஊர்த் திருவிழா, தெப்பக்குளம் பக்கம் என்றால் தெப்பத் திருவிழா. பேட்டியை முன்னோட்டமாக இருபது வீட்டில் செய்து பார்க்கும்போது எந்த அடையாளம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

பயத்தை அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இரவில் தனியாக நடக்கப் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வியில் தெருநாய், குண்டும் குழியுமான ரோடு, எரியாத தெருவிளக்கு, குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து வரும். உணர்ச்சியைத் தனியாக, ஆபத்து வரும் என்ற கணிப்பைத் தனியாக, செய்கையைத் தனியாகக் கேளுங்கள். செய்கை நல்ல அளவுகோல்: முந்தானையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டு போவதுண்டா, செயினை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்துவதுண்டா, கல்யாண வீட்டுக்கு நகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் மண்டபத்தில் போட்டுக்கொள்வதுண்டா?

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். "தம்பி எந்த ஊரு, அங்க யாரு மகன்?" என்று கேட்டால் அது வெறும் நலவிசாரிப்பு இல்லை என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிலுக்கு ஏற்பப் பேச்சு திறக்கும் அல்லது மூடும். எந்தப் பேட்டியை யார் எடுத்தார் என்று படிவத்திலேயே ஒரு கட்டம் போட்டுக் குறித்து வைத்தால், பிறகு ஆள் மாறியதால் பதில் மாறியதா என்று சோதிக்கலாம். வீட்டு வன்முறைக் கேள்விகளைப் பெண்தான் கேட்க வேண்டும், மாமியாரோ கணவரோ கூட நின்றால் அந்தப் பகுதியைக் கேட்கவே கூடாது.

எட்டாம் படி: ஒழுங்குமுறை

இதைச் சடங்காக நினைக்காதீர்கள். ஆய்வு செய்கிறவரிடம் சொன்னது ரகசியம் என்று காப்பாற்றுகிற சட்டம் இங்கே இல்லை, கோர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் குற்றம் செய்தவர்களிடம் பேசும்போது, பிடிபடாத சம்பவத்தின் தேதி, இடம், கூட இருந்தவர் பெயர் எதையும் கேட்காதீர்கள், அவர் சொல்ல வந்தாலும் நிறுத்துங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும், ஆய்வு செய்கிறவருக்கு விலக்கு இல்லை. ஒப்புதல் வாங்கும்போதே இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள். 1098 (குழந்தைகளுக்கு), 181 (பெண்களுக்கு) உதவி எண்களை அச்சிட்ட சீட்டு பையில் இருக்கட்டும். பெயர்ப் பட்டியல் ஒரு பூட்டிலும் பதில் தாள் இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும்.

மதுரை மத்திய சிறையில் ஆய்வு என்றால் வாசலில் போய் நின்று ஆகாது, சென்னையில் உள்ள சிறைத்துறைத் தலைமை அனுமதிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ளே இருப்பவர்களை எண்ணினால் நீண்ட தண்டனைக்காரர்கள் மிகையாகத் தெரிவார்கள், பதினைந்து நாளில் ஜாமீனில் போகிறவர்கள் அந்த நாளில் கண்ணில் பட மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: கணக்கு

விகிதம் போடும்போது கீழே எந்த மக்கள்தொகை என்பதுதான் எல்லாம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சி 10.17 லட்சம், நகரத் தொகுதி (மாநகராட்சியும் அதை ஒட்டிய நகரப் பகுதிகளும்) 14.65 லட்சம், மாவட்டம் 30.38 லட்சம். பேச்சுக்கு 200 வழக்கு என்று வைத்தால், லட்சத்துக்கு ஏறத்தாழ 20, 14, 7 என்று மூன்று விடை. வேறு எந்தப் பொய்யும் சொல்லாமலே மதுரையை ஆபத்தான ஊராகவும் அமைதியான ஊராகவும் காட்டிவிடலாம். மாசி வீதிகளிலும் மாட்டுத்தாவணியிலும் குடியிருப்பவர்களைவிட வந்துபோகிறவர்கள்தான் அதிகம், அங்கே குடியிருப்போர் விகிதம் அர்த்தமே இல்லாதது.

சின்ன எண்களில் சதவீதம் வேண்டாம். ஒரு ஸ்டேஷனில் 6 வழக்கு 9 ஆனால் "50 சதவீத உயர்வு" என்று தலைப்புச் செய்தி ஆகும். எண்ணிக்கை 6 என்றால் அதன் வர்க்கமூலம் சுமார் 2.4, அதைப்போல் இரண்டு மடங்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு, அதாவது 1 முதல் 11 வரை. 9 அதற்குள்தான் இருக்கிறது.

தண்டனை விகிதத்திலும் இதே விளையாட்டு. 100 வழக்கு பதிவாகி, 20இல் விசாரணை முடிந்து, 15இல் தண்டனை என்றால் ஆவணக் காப்பக முறையில் 75 சதவீதம், ஏனென்றால் விசாரணை முடிந்தவைதான் வகுக்கும் எண். பதிவானதை வைத்துப் பார்த்தால் 15 சதவீதம். இரண்டும் சரி, எது என்று எழுதாவிட்டால் இரண்டும் தப்பு.

பத்தாம் படி: இப்போது காரணத்துக்கு வரலாம்

சிசிடிவி வைத்தார்கள், செயின் பறிப்பு குறைந்தது என்று முன்-பின் ஒப்பிட்டால் போதுமா? கேமரா வைப்பதே வழக்குகள் உச்சத்தில் இருந்த மாதத்துக்குப் பிறகுதான், உச்சம் தானாகவே இறங்கும். பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்திருக்கலாம். தலைகீழாகவும் நடக்கலாம்: கேமரா இருக்கிறது, ஆள் சிக்குவான் என்ற நம்பிக்கையில் முன்பு வராதவர்களும் புகார் கொடுக்க வந்து, பறிப்பு குறைந்தும் வழக்கு கூடியிருக்கலாம். அதனால் கேமரா வைக்காத, அதே மாதிரியான ஒரு பகுதியைச் சேர்த்து, இரண்டிலும் முன்னும் பின்னும் பாருங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73இல் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தி, ஒன்றில் இரண்டு மூன்று மடங்காக்கி, ஒன்றில் இருந்தபடியே விட்டுப் பார்த்தார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்த முடிவு இன்றும் மதிக்கப்படுவதற்கு ஒரு காரணம், போலீஸ் எண்ணை மட்டும் நம்பாமல் மக்களிடம் சர்வேயும் எடுத்ததுதான்.

கடைசியாக, ஆய்வேட்டில் "வரம்புகள்" என்ற பகுதி. "கால அவகாசமும் பொருளாதாரமும் போதவில்லை" என்று எழுதாதீர்கள், அது எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிறது, யாருக்கும் எதையும் சொல்வதில்லை. உங்கள் எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், ஏன் என்று எழுதுங்கள். இப்படி: "சி.எஸ்.ஆர் மட்டும் வழங்கப்பட்ட மனுக்களும் கவரிங் நகை பறிப்புகளும் இந்தக் கணக்கில் இல்லை. எனவே இங்கே தரப்பட்டுள்ள எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். நகையின் மதிப்பு குறையக் குறைய இந்தக் குறைபாடு கூடும் என்பதால், அட்டவணையில் உள்ள சராசரி நகை மதிப்பு உண்மையைவிட அதிகமாக இருக்கும்."